டப்பாவில் மீந்த குளிர்

மனிதர்களில் நானேகாரர் என்று ஓர் இனம் இருக்கிறது. வீட்டில் ஏதாவது பழுதாகி, ‘ஆளைக் கூப்பிடலாமா?’ என்று யாராவது வாயைத் திறந்த மாத்திரத்தில், ‘எதுக்கு? நானே பாத்துக்கறேன்’ என்று சட்டைக் கையை மடித்துவிடுகிறவர் எவரோ அவரே நானேகாரர். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாலும் மடிப்பார். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும்.

அவர் வீட்டை அடையாளம் காண்பது அதைவிட எளிது. வாசலில் அழைப்பு மணியை அழுத்தினால் மாடியில் விளக்கு எரியும். குளியலறைக் குழாயை முதலில் மேலே தூக்கி, பிறகு இடப்பக்கம் திருப்பி, கடைசியாக லேசாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று விருந்தாளிக்கு உள்ளே நுழையும்போதே பாடம் எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மின்விசிறியைத் தானே பழுதுபார்த்தார். அது அன்று முதல் காற்றைக் கீழே தள்ளுவதை விட்டு மேலே இழுக்க ஆரம்பித்தது. காலைப் பேப்பர் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. மனிதர் நாற்காலிமேல் ஏறி நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு, தலைப்புச் செய்திகள் முழுவதையும் வாசித்தார். விசிறியை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! நான் எதையும் கூட்டிச் சொல்லும் வழக்கமில்லாதவள். வேண்டுமானால் ஒட்டியிருந்தது பாதிப் பேப்பர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. எதையும் மீதி வைக்க மனசு வராது. கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார். டப்பாவில் கொஞ்சம் மீந்திருக்கும். வீணாகிவிடுமே என்று தபால் பெட்டிக்கு அடிப்பார். இன்னும் மீந்திருக்கும். பூந்தொட்டி, மிதியடி மாட்டும் கம்பி, வாளியின் கைப்பிடி. அப்புறமும் தீராவிட்டால் மதில் ஓரமாக நகர்வார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கேட் பாதி கறுப்பு, பாதி பச்சை. கறுப்பு அந்த வீட்டுக்காரருடைய விருப்பம். பச்சை அடுத்த வீட்டுக்காரருடைய மிச்சம்.

இந்தக் குணத்தை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம்முடைய நானேகாரர் தொழிலால் பல் டாக்டர். கைராசிக்காரர். ஆனால் பல்லில் நூலைக் கட்டிக் கதவில் மாட்டி இழுத்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. “வீட்டுல நீங்களே கையை வெச்சீங்களா? அதுக்குன்னு படிச்சவங்க நாங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?” என்று நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் அது ஒன்று.

அவருடைய ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெயிலான வெயில். நாய்கள்கூட நிழல் மாற்றி நிழல் மாற்றிப் படுத்துக்கொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்து வரவேண்டிய நாள் வந்தது. டாக்டரிடம் கார் இருந்தது. காரில் ஏசியும் இருந்தது. அதைப் போட்டால் தலை துவட்டாமலே முடி காயும்.

இதில் என்ன பெரிய சிக்கல், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? சம்பந்தியை உங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா வக்கீல். அவருடைய காரில் ஏறினால் பல் கிட்டும் என்று குடும்பத்தில் பேச்சு. டாக்டரின் மனைவி ஒருமுறை அதில் போய்வந்து, “ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சுங்க” என்று வெள்ளையாகச் சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை டாக்டரின் நெஞ்சில் முள்ளாக நின்றது. பல்லில் சிக்கிய நாராக நின்றது என்றால் அவருக்கே இன்னும் நன்றாகப் புரியும்.

காலையில் மகள் போன் செய்தாள். “அப்பா, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பறாங்க. மாமாவும் வண்டி எடுத்துட்டு வரேங்கறாரு. நீயும் வரேங்கற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. எந்த வண்டி ஜில்லுனு இருக்கோ அதுல பாப்பாவைத் தூக்கிட்டு ஏறிடறேன்.”

ஆக, பேத்தியின் முதல் சவாரி யாருடைய வண்டியில்? அதுதான் விவகாரம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ ஆயுசுக்கும் சுவரில் தொங்கும். அதில் குழந்தைக்குப் பின்னால் நிற்கப்போவது டாக்டரின் வெள்ளை வண்டியா, சம்பந்தியின் சாம்பல் நிற வண்டியா? மனுஷன் இதற்காகப் பதறாமல் வேறு எதற்குப் பதறுவான்?

“ஏசி கடையில விட்டுடுங்களேன். மத்தியானத்துக்குள்ள பாத்துக் குடுத்துடுவாங்க” என்றாள் மனைவி.

“கடைக்காரன் என்ன பண்ணுவான்? கேஸ் போடுவான். அதை நான் போட மாட்டேனா?”

சட்டைக் கை மடிந்துவிட்டது.

ஏசி கேஸ் டப்பாவில் விற்கிறது. கூடவே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புக் குழாய், குழாயின் நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர், மீட்டரில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக நிறம். ஊசி நீலத்தில் நின்றால் கேஸ் போதாது, பச்சையில் நின்றால் சரி, மஞ்சளில் நின்றால் ஜாக்கிரதை, சிவப்பில் நின்றால் நிறுத்து. கிளி ஜோசியத்தைவிடத் தெளிவாகத்தான் செய்திருக்கிறார்கள். டாக்டர் இருப்பதிலேயே பெரிய டப்பாவாகக் கேட்டார். “இருந்த கேஸ் எந்த வழியா போச்சுன்னு பாத்தீங்களா சார்?” என்று கடைக்காரர் விசாரித்தார். நானேகாரரிடம் கேட்கக் கூடாத கேள்வி உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். போனது எங்கே போயிற்று என்று அவர் கேட்க மாட்டார். வருவது எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்.

“முதல்ல போட்டுப் பாப்போம்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியின் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூல்மேல் வெள்ளைத் துண்டு. துண்டின்மேல் டப்பா, குழாய், கையுறை, நெற்றியில் கட்டும் விளக்கு, வாய்க்குள்ளே விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி. மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளைப் பிரித்தார். அது போர்வை அளவுக்கு விரிந்தது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தைப் படிப்பது இந்த இனத்தில் தோற்றவர்கள் செய்யும் காரியம்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து, மனைவியை முன் இருக்கையில் உட்கார வைத்தார். அவள்தான் தெர்மாமீட்டர். பிறகு குழாயை டப்பாவில் திருகினார். திருகிய கையோடு வண்டியில் மாட்டப் போனார். வண்டியில் மாட்டுகிற வாய் இரண்டு உண்டு. ஒன்றில் மாட்டலாம், மற்றதில் கூடாது. கூடாததில் மாட்டிவிடக் கூடாதென்றே அதன் அளவை வேறாகச் செய்திருக்கிறார்கள். டாக்டர் முதலில் அதில்தான் வைத்து அழுத்தினார். சேரவில்லை. “குழாயையே தப்பா பண்ணியிருக்கான்” என்றார். அப்புறம் நெற்றி விளக்கைப் போட்டு, பல் கண்ணாடியை உள்ளே விட்டு, “ம்… இன்னும் கொஞ்சம்… அப்படியே இரு” என்று எஞ்சினைத் தட்டிக்கொடுத்துத் தேடி, சரியான வாயைக் கண்டுபிடித்து மாட்டினார்.

ஊசி நீலத்தில் நின்றது. டப்பாவைக் குலுக்கி அழுத்தினார்.

“ஜில்லுனு இருக்கா?”

“இல்லீங்க.”

“இப்போ?”

“ஏதோ வருது.”

“ஏதோன்னா? நல்லா கையை வெச்சுச் சொல்லு.”

“அட, ஆமாங்க! குளிருது. நல்லாவே குளிருது. போதும், நிறுத்திடுங்க.”

ஊசி பச்சையில் நடு நாயகமாக நின்றது. நம்புங்கள், வேலை முடிந்துவிட்டது. ஒரு பல் டாக்டர், படம் மட்டும் பார்த்து, தன் வண்டிக்குத் தானே கேஸ் போட்டு, அது குளிரவும் செய்தது. இந்த இடத்தில் கையைக் கழுவியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சளசளவென்றது. பாதிக்கு மேல் மீதி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியின் சாம்பல் நிற வண்டி வாசலில் வந்து நின்றது. வக்கீலும் அவர் மனைவியும் இறங்கினார்கள். இறங்கும்போது வக்கீல் தோளைக் குறுக்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். இந்த வெயிலில்!

“என்ன சம்பந்தி, வண்டிக்கும் பல் புடுங்கறீங்களா?”

“வாங்க, வாங்க. சின்ன வேலை. கேஸ் போட்டேன். உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்க.”

வக்கீல் உள்ளே உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தீர்ப்பு வாசிக்கிறவர் மாதிரி சற்று இடம் விட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. நம்ம வண்டி அளவுக்கு வராது. ஆனா, இருக்கு.”

இந்த ‘ஆனா, இருக்கு’ இருக்கிறதே, நல்ல குடும்பங்களை அதுதான் கெடுக்கிறது.

“இன்னும் கொஞ்சம் போட்டா வரும்” என்றார் டாக்டர்.

“வேண்டாங்க” என்றாள் மனைவி.

பாதி போட்டதற்கு இவ்வளவு குளிர் என்றால் முழுதும் போட்டால் எவ்வளவு குளிரும்? நானேகாரரின் கணக்கு எப்போதும் பெருக்கல்தான். டப்பாவை மறுபடி அழுத்தினார். ஊசி பச்சையைத் தாண்டி மஞ்சளில் கால் வைத்தது. காரில் குளிர் கொஞ்சம் குறைந்தது. ஏசிக்குக் கேஸ் கூடினாலும் குளிராது என்பது அந்தப் போர்வைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. தாள் சட்டைப் பையில் இருந்தது.

“முன்னைக்கு இப்போ கம்மியா இருக்குங்க.”

“பாத்தியா? பத்தலை!”

அழுத்தினார். ஊசி சிவப்புக்குப் போயிற்று. எஞ்சினுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். முன் இருக்கையிலிருந்து தெர்மாமீட்டர் எழுந்து வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. காலையில் வந்தது முடி காயும் காற்று. இப்போது வந்ததில் அப்பளம் பொரிக்கலாம்.

இங்கே சம்பந்தியைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வக்கீல் தம்மிடம் வருகிறவர்களிடமெல்லாம், “என்னைக் கேக்காம நீங்களா ஒரு கையெழுத்தும் போட்டுடாதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லுகிறவர். இப்போது அவர் மெதுவாகச் சட்டைக் கையை மடித்தார். நீளக் கை. நிதானமாக மடித்தார். அவருடைய மனைவி அதைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பழகியவள்.

“அந்தத் தாளைக் குடுங்க” என்றார் வக்கீல். வாங்கிப் படித்தார். “‘நன்கு குலுக்கவும்’னு போட்டிருக்கான். எது நன்குன்னு போடலை. அங்கதான் ஓட்டை. சரி, சிவப்புன்னா என்ன அர்த்தம்னு எதை வெச்சு முடிவு பண்றது? நல்லா இருக்கற வண்டியில மாட்டினா ஊசி எங்க நிக்குதுன்னு பாக்கணும். அப்பதானே ஒப்பிட முடியும்?”

“நல்லா இருக்கற வண்டிக்கு எங்க போறது?”

இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற சாம்பல் நிற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேண்டாம்” என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. வக்கீலுடைய மனைவி அன்று பேசிய முதல் வார்த்தை. வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

சாம்பல் நிற வண்டியின் பானட் திறந்தது. குழாயை மாட்டினார்கள். ஊசி பச்சையில், வரைந்து வைத்தது போல நின்றது. எந்தக் குறையும் இல்லாத வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபடி, ஒருவர் கையும் படாமல், பல் கிட்டக் குளிர்ந்துகொண்டிருந்த வண்டி.

“பாத்தீங்களா, பச்சை. கழட்டிடுங்க” என்றார் வக்கீல்.

டாக்டர் கழற்றுவதற்காகத்தான் டப்பாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் காதருகே வைத்துக் குலுக்கினார்.

“கொஞ்சம் மீந்திருக்கு சம்பந்தி.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்தான். வெச்சிருந்தா வீணாத்தான் போகும். உங்க வண்டியில போகட்டுமே. நம்ம வீட்டுல போட்டதா இருக்கட்டும்.”

இதைச் சொல்லும்போது டாக்டரின் மனசில் கள்ளம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை. விஷமக்காரனாக இருந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடலாம். அன்போடு மீதியைக் கொடுக்க வருகிறவரை என்ன செய்ய முடியும்? வக்கீலுக்கும் மறுக்க வாய் வரவில்லை. ஏற்கெனவே ஐஸ் பெட்டியாக இருக்கிற வண்டி இன்னும் ஒரு பிடி கூடினால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் பார்க்க ஆசை. “ஊத்துங்க. சும்மா போறதை ஏன் விடணும்?” என்றார்.

மீதி முழுவதும் போயிற்று. டப்பா காலி. இருவருக்கும் ஒரு நிறைவு.

‘டக்.’

வக்கீல் ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார். இரண்டு வண்டிகளிலும் ஒரே மாதிரி, பாகுபாடு இல்லாமல், அப்பளம் பொரிகிற காற்று.

“கொஞ்சத்தை வெளிய விட்டுடலாமா?” என்றார் டாக்டர் தணிந்த குரலில்.

“காத்துல விடக் கூடாது, சட்டப்படி தப்பு. தாள்லயே போட்டிருக்கான்.” வக்கீலுக்கு அந்த இடத்தில்தான் சட்டம் நினைவுக்கு வந்தது.

போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் இரண்டு பானட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் நடந்து, மூடியைத் திருகி, தட்டி, ஊதி, “எனக்கென்னவோ உங்களதுல சத்தம் வேற மாதிரி வருது” என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு, அவர்கள் அதுவரை ஒரு நாளும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. கல்யாணத்தில்கூட இல்லை.

இதற்குள் படிக்கட்டில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருப்பாங்க” என்றாள் ஒருத்தி.

“டாக்ஸி நம்பர் என்கிட்ட இருக்கு” என்றாள் மற்றவள். “எப்பவும் வெச்சிருப்பேன்.”

“நானும் வெச்சிருக்கேன்.”

டாக்ஸி வந்தது, போயிற்று. பானட்டுக்குள் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போட்டோ எடுத்தார்கள். குழந்தைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் டாக்ஸியின் பாதிக் கதவும், ஏதோ ஒரு கம்பெனியின் போன் நம்பரும் விழுந்திருக்கின்றன. சுவரில் இன்றைக்கும் அதுதான் தொங்குகிறது.

டாக்ஸி திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றபோது, பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்த இரண்டு பானட்டுகளுக்குள் இரண்டு பேர் இடுப்புவரை இறங்கியிருந்தார்கள். வெளியே தெரிந்தது இரண்டு முதுகுகளும், அவற்றுக்குக் கீழே உள்ளவையும்தான்.

மகள் குழந்தையை ஜன்னல் அருகே தூக்கிக் காட்டினாள். “பாப்பா, அதோ பாரு, உன் தாத்தாங்க ரெண்டு பேரும். மூஞ்சியை அப்புறமா பாத்துக்கலாம்.”

குரல் கேட்டு டாக்டர் தலையைத் தூக்கினார். பானட்டில் ‘ணங்’ என்று இடித்தது. வக்கீலும் தூக்கினார். இன்னொரு ‘ணங்’. தலையைத் தேய்த்துக்கொண்டே இருவரும் டாக்ஸியை நோக்கி ஓடினார்கள். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. உள்ளே ஜிலுஜிலுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. பேத்தியை முதன்முதலாக வீட்டு வாசலில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம் கண் கலங்கி நின்றார். பிறகு தழுதழுத்த குரலில் டிரைவரிடம் கேட்டார்:

“இதுக்குக் கேஸ் யாரு போட்டது?”

“எனக்கு என்னங்க தெரியும்? கடையில விடுவேன். ஒரு டீ குடிப்பேன். எடுத்துட்டு வந்துடுவேன்.”

டாக்டரும் வக்கீலும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம்.

“என்ன ஆளு பாருங்க, சம்பந்தி” என்றார் டாக்டர், டாக்ஸி போன பிறகு. “சொந்த வண்டிக்கு என்ன பண்றாங்கன்னுகூடத் தெரிஞ்சுக்காம இருக்கான்.”

“நாளைக்குக் காலையில வரேன். நீங்க டப்பா வாங்கி வையுங்க” என்றார் வக்கீல்.

நானேகாரர்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்று சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? உங்களை நான் சந்தேகிக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் குழாயை டப்பாவில் திருகி, திருகிய கையோடு வண்டியில் மாட்டப் போனார் என்று எழுதினேனே, அந்த இடத்தில், ‘அடடா, குழாய்க்குள்ள இருக்கற காத்தை முதல்ல வெளிய விட வேண்டாமா?’ என்று உங்களுக்கு ஒரு துடிப்புத் துடித்ததா? மஞ்சளுக்கு ஊசி வந்தபோது, ‘நானா இருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பேன்’ என்று வாய்விட்டுச் சொன்னீர்களா? இந்நேரம் உங்கள் வண்டி ஏசியும் கொஞ்ச நாளாகவே சரியில்லையே என்று நினைவுக்கு வருகிறதா?

வராமல் இருந்தால் சந்தோஷம். எதற்கும் கொஞ்சம் குனிந்து, உங்கள் சட்டைக் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.